"பிரிக்காத பாக்கெட்" என்று விற்கும் இரண்டு ரூபாய் காசுகள்: வடசென்னை நண்பர்கள் கவனத்துக்கு

சவுகார்பேட்டை, பாரிமுனை பக்கம் பழைய காசு வாங்குபவர்களுக்கும், வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டையில் புதிதாக இந்த ஆர்வத்தில் இறங்கியிருக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். நூறு காசு போட்டு ஒட்டிய பாலித்தீன் பாக்கெட்டை "இன்னும் யாரும் பிரிச்சுப் பார்க்காதது, உள்ள எது கெடச்சாலும் உனக்குத்தான்" என்று சொல்லி முகமதிப்பைப் போல ஆறேழு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். எனக்கு அப்படி விற்ற பாக்கெட் முழுக்க முழுக்கப் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் போட்டு ஒட்டியது. அது எப்படித் தெரிந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். விவரம் தெரிந்தால்தான் அடுத்தவரிடம் இதே வேலையைக் காட்ட முடியாது.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. சில்லறையில் நாங்கள் தேடுவது பழைய காசை மட்டும் அல்ல. காசு அடிக்கும் அச்சிலேயே இருக்கும் வித்தியாசத்தைத் தேடுகிறோம். அச்சைத் தயாரிக்கும்போது மூல அச்சை அதன்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்துவது நெடுங்கால வழக்கம். இரண்டாவது அழுத்தம் இம்மி விலகினாலும் எழுத்து இரட்டையாக விழும். பிறகு அந்த அச்சில் அடிக்கிற ஒவ்வொரு காசிலும் அதே எழுத்து, அதே இடத்தில், அதே அளவுக்கு இரட்டையாக இருக்கும். உலகம் முழுக்கப் பேர் வாங்கியது அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட். அதில் ஆண்டும் எழுத்தும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். சிகரெட் பாக்கெட்டோடு கொடுத்த மீதிச் சில்லறையாகவே அதில் நிறைய வெளியே போனது. அங்கே ஒரு சென்ட் காசு ஐம்பதைக் காகிதத்தில் சுருட்டி ரோலாக வங்கியில் தருவார்கள். முகமதிப்புக்கு வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது அங்கே பெரிய பொழுதுபோக்கு. நம் ஊரில் ரோல் வழக்கம் குறைவு. கோயில் உண்டியல் சில்லறை, பஸ் கண்டக்டர் சில்லறை, மளிகைக் கடை டப்பா, இல்லாவிட்டால் நூறு போட்ட பாலித்தீன் பை, இவைதான் நமக்கு.

கடை இருப்பது தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். கம்பெனி காலத்தில் மின்ட், அதாவது காசு அடிக்கும் சாலை, இருந்து 1869இல் மூடப்பட்ட பேட்டை அது. அங்கே போய்க் காசு வாங்குவதே எனக்கு ஒரு சந்தோஷம். கடைக்காரர் பெயரையோ கடைப் பெயரையோ எழுதப் போவதில்லை. எனக்குக் காட்டியது 1992 முதல் 2004 வரை வந்த இரண்டு ரூபாய், பதினோரு பக்கம் வைத்தது, இந்திய வரைபடம் போட்டது. பாக்கெட்டின் வெளிப்பக்கம் பார்த்தாற்போல் ஒரு காசு. அதில் ஆங்கில எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன. "பாரு தம்பி, மேலயே ஒண்ணு தெரியுது. இது மின்ட்லேர்ந்து வந்த சீலு. உள்ள எத்தினி கீதோ யாருக்குத் தெரியும்" என்றார்.

அந்தப் பேச்சில் முதல் பொய் "மின்ட் சீல்". நூறு நூறாகப் பாலித்தீன் பையில் போட்டு ஒட்டுவது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. பொதுமக்களிடம் சில்லறை வாங்கும்போது நூறு காசு போட்ட பாலித்தீன் பையாக வாங்கினால் வசதி என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. பை இருக்கிறது என்பதால் அது மின்ட்டிலிருந்து வந்தது ஆகாது. ஒட்டும் மெஷின் எந்த மிக்சர் கடையிலும் இருக்கிறது. வீட்டில் டியூப் லைட் கீழே பையைப் பிடித்துப் பார்த்தபோது ஓரத்தில் இரண்டு ஒட்டுக்கோடு தெரிந்தது. ஒன்று நேராக, பழசாக, மங்கிப்போய். அதன் உள்பக்கம் அரை விரல் தள்ளி இன்னொன்று, கோணலாக, புதிதாக, சுருக்கம் விழுந்து. பழைய ஒட்டுக்கு நடுவே வெட்டிய தடம் நகத்தில் தட்டுப்பட்டது. உள்ளே கைவிட்டு எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிய பை அது.

அடுத்தது எடை. இந்த இரண்டு ரூபாய் காசு ஒன்று 6 கிராம். நூறு இருந்தால் 600 கிராம், தேய்மானத்துக்கு ஒன்றிரண்டு கிராம் விட்டுவிடலாம். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். இருபது கிராமுக்கு மேல் குறைந்தது. எண்ணினால் நான்கு காசு இல்லை.

உள்ளே இருந்தவைதான் முக்கியம். காசுகள் எல்லாம் புழங்கிய காசு, பல ஆண்டு, பல மின்ட். மும்பைக்கு ஆண்டுக்குக் கீழே டைமண்ட், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது. நான்கும் கலந்திருந்தன. மின்ட்டிலிருந்து நேராக வந்த சரக்கில் இப்படிப் பல ஆண்டும் பல மின்ட்டும் தேய்மானமும் கலந்திருக்க வழியே இல்லை. சரி, புழக்கத்திலிருந்து எடுத்த கலவை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அதில் நினைவுக் காசு இருக்க வேண்டும். இதே பதினோரு பக்க இரண்டு ரூபாயில் 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர், சர்தார் படேல், 1999 சிவாஜி, 2000 உச்ச நீதிமன்றம், துக்காராம், ரயில்வே 150 ஆண்டு என்று வரிசையாக வந்திருக்கின்றன. கோயில் சில்லறையைக் கொட்டினால் இவற்றில் நாலைந்தாவது கண்ணில் படும். இந்தப் பாக்கெட்டில் ஒன்றுகூட இல்லை. தொண்ணூற்றாறு காசும் வரைபடம். பளபளப்பு மிச்சம் இருக்கும் காசும் ஒன்றில்லை. யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேறியதை எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

வெளியே தெரிகிற மாதிரி வைத்திருந்த அந்த "இரட்டை எழுத்து"க் காசுக்கு வருகிறேன். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் இரண்டாவது எழுத்து எழும்பி நிற்கவில்லை. எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக நசுக்கித் தள்ளியதுபோல், படிக்கட்டு மாதிரி ஒரு பட்டை. அசல் எழுத்து அந்த அளவுக்கு மெலிந்திருந்தது. அச்சிலேயே இரட்டையாக இருந்தால் எழுத்து மெலியாது, தடிக்கும். இரண்டு எழுத்தும் உருண்டு எழும்பி நிற்கும், முனையில் பிளவு தெரியும். இது காசு அடித்து முடிக்கும் நொடியில் தளர்ந்த அச்சு லேசாக நகர்ந்து உரசியதால் வருவது. இது நிறைய கிடைக்கும், சேகரிப்பவர்கள் இதற்குக் காசு கொடுப்பதில்லை. ஆசை காட்ட அதைப் பையின் வெளிப்பக்கம் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ரோலின் இரண்டு முனையில் நல்ல பழைய காசைத் தெரிய வைத்து, நடுவில் குப்பையைப் போட்டு "யாரும் பார்க்காதது" என்று விற்கிற ஏமாற்று வேலை பல வருடமாக நடக்கிறது. அதே வேலை இங்கேயும் வந்துவிட்டது.

பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். ஒட்டுக்கோட்டைக் காட்டினேன், எண்ணிக்கையைச் சொன்னேன். "சீலு பிரிச்சா பிரிச்சதுதான். இன்னாபா, எல்லாத்தையும் பொறுக்கிக்கினு வந்து ரிட்டன் கேக்குற?" என்று நாலு பேர் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டார். இந்த வியாபாரத்தின் பிடியே அங்கேதான் இருக்கிறது. பிரிக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. பிரித்துவிட்டால் எடுத்தது நீ என்று சொல்லிவிடலாம். என்னை அங்கே நிற்க வைத்துத் திருடனைப் போலப் பேசியதுதான் பணம் போனதைவிட வலித்தது.

கொஞ்சம் சத்தம் அடங்கியதும் சமாதானத்துக்கு வந்தார். பணம் திருப்பித் தர மாட்டாராம். அதற்குப் பதில் ஒரு எரர் பத்து ரூபாய், அதாவது அடிக்கும்போதே பிழை விழுந்த காசு, மேலே முந்நூறு கொடுத்தால் போதுமாம். வெளி வளையம் நேராக இருக்கிறது, நடு வட்டத்தில் சிங்கம் படுத்துக் கிடக்கிறது. புதியவர்கள் பார்த்தால் மயங்கிவிடுவார்கள். ஆனால் பத்து ரூபாயின் வளையமும் நடு வட்டமும் ஒன்றுசேர்வதும், இரண்டின் மேலும் படமும் எழுத்தும் விழுவதும் ஒரே அடியில். அச்சு ஒன்றுதான். வளையத்தில் எழுத்து நேராகவும் நடுவில் சிங்கம் சாய்ந்தும் ஒரே அச்சால் அடிக்க முடியாது. அடித்து வெளியே வந்த காசின் நடு வட்டத்தைத் தட்டிக் கழற்றி, திருப்பிப் போட்டு, மறுபடி அழுத்தியிருக்கிறார்கள். சேரும் கோட்டில் லென்ஸை வைத்தால் உலோகம் பிசிறு தட்டி, சுற்றிலும் மெல்லிய கீறல் தெரிந்தது. இதைச் சொன்னதும் காசைப் பிடுங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அச்சு திரும்பிய அசல் பிழை வேறு. நம் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் முழுதாகச் சாய்ந்திருந்தால், பத்து ரூபாயானால் வளையமும் நடுவும் சேர்ந்தே சாய்ந்திருந்தால், அதைக் கவனிக்கலாம். கொல்கத்தா என்று சொல்லி விற்கும் "குறி இல்லாத" காசையும் நம்பிவிடாதீர்கள். ஆண்டுக்குக் கீழே லென்ஸை வைத்துச் சாய்த்துப் பாருங்கள். குறியைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடம் மட்டும் மங்கலாக, சின்னக் குழியாகத் தெரியும்.

என்னை இதை எழுத வைத்தது என் பணம் அல்ல. நான் நின்றுகொண்டிருந்தபோதே பிளஸ் டூ படிக்கிற மாதிரி ஒரு பையன் அதே பாக்கெட்டைக் கேட்டு வந்தான். அம்மா சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தது என்றான். வைஷ்ணோ தேவி அம்மன் படம் போட்ட காசு உள்ளே இருந்தால் லட்சம் ரூபாயாமே என்று என்னிடம் கேட்டான். அந்தக் காசு ஐந்து, பத்து ரூபாயில் 2012இல் வந்தது. இரண்டு ரூபாய் பாக்கெட்டில் அது இருக்கவே முடியாது, அதற்கு லட்சமும் இல்லை. அவனை வெளியே அழைத்துப்போய் என் பாக்கெட்டைக் காட்டினேன். வாங்காமல் வீட்டுக்குப் போனான். அவனைப் போல எத்தனை பிள்ளைகள் அந்தக் கடைக்கு வருகிறார்களோ.

"உங்களிடம் இருக்கும் காசை லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று போனில் வருபவர்கள் தனி ரகம். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டு அப்படிக் கேட்பது மோசடி என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

கடையில் ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம். பில் தரமாட்டார்கள். அதனால் ரொக்கமாகக் கொடுக்காமல் போனிலிருந்து பணம் அனுப்புங்கள், தேதியும் தொகையும் பதிவில் நிற்கும். பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் ஒட்டுக்கோட்டைப் படம் எடுங்கள். தராசில் வைத்து எடை தெரிகிற மாதிரி இன்னொரு படம். பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். "நீ பொறுக்கிக்கொண்டாய்" என்ற பேச்சுக்கு அது ஒன்றுதான் பதில். என்னிடம் ஒட்டுக்கோட்டின் படமும் பணம் அனுப்பிய பதிவும் இருக்கின்றன. அவற்றை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அதே சந்தில் இதே பாக்கெட்டை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், பையைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். இரண்டாவது ஒட்டுக்கோடு உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கொடுத்தால் புகாருக்கு வலு கூடும்.