சுங்கை சிப்புட் பழம்பொருள் கடையின் மூன்றாம் பெட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பழைய கடைவீதியில் ஒரு தையற்கடையின் மங்கிய பலகை இன்னும் தொங்குகிறது. உள்ளே தையல் இயந்திரம் ஒன்றுகூட இல்லை. மலாயா காலத்து நாணயங்கள், அஞ்சல்தலைகள், தீப்பெட்டிப் படங்கள், பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தைச் சீவும் கத்திகள் என்று தோட்டத்து வீடுகள் காலியானபோது வெளியே வந்த பொருள்கள் எல்லாம் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இப்போது கடையை நடத்துகிற எழுபது வயதுப் பெரியவர் தமக்கென்று பலகை எதுவும் மாட்டவில்லை. நாணயங்களைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. நான் அங்கே போவது மேசைக்கு அடியில் இருக்கும் மூன்றாம் பெட்டிக்காக. அதில் சுமார் நானூறு பழைய அமெரிக்க பேஸ்பால் அட்டைகள், அதாவது முன்புறம் ஆட்டக்காரரின் படமும் பின்புறம் அவருடைய ஆட்ட விவரமும் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகள், இருக்கின்றன.

இந்த அட்டைகளைச் சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் நட்சத்திரங்களைத் தேடுகிறார்கள். 1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மான்டில் அட்டையின் விலைக்கு நம் ஊரில் வீடுகளே வாங்கலாம். நான் தேடுவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை, குறிப்பாக மாற்று கேட்சர்களை. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்குக் கேட்சர் யார் என்று தெரிந்திருக்கும்: மட்டையாளருக்குப் பின்னால் முகமூடி அணிந்து குந்தியிருப்பவர். 1962 முதல் அமெரிக்கப் பெருங்குழுக்கள் அனைத்தும் வழக்கமாக ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடி வருகின்றன. அத்தனை ஆட்டங்களிலும் குந்தி எழ ஒருவருடைய முழங்கால் தாங்காது என்பதால் ஒவ்வொரு குழுவும் இரண்டாவது கேட்சரை வைத்துக்கொள்கிறது. அவருக்கும் அட்டை அச்சாகும். அதன் பின்புறத்தில் நிரப்பப் புள்ளிவிவரம் போதாதபோது சிறு கேலிச்சித்திரம் ஒன்றையும் அவருடைய இளமைக்காலச் செய்தி ஒன்றையும் போட்டுச் சமாளித்திருப்பார்கள். தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் மூன்றாண்டுகள் மாற்றுக் கோல் காப்பாளராக இருந்து, சட்டையைத் துவைக்க வேண்டிய தேவையே இல்லாமல் வீடு திரும்பிய எனக்கு, அந்தப் பின்புறங்கள் முன்புறப் படங்களைவிடப் பிடித்தமானவை.

அமெரிக்க அட்டை சுங்கை சிப்புட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டால், பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பின் வழியாக இங்கே வந்து பாடம் நடத்திய அமெரிக்க ஆசிரியர் ஒருவர், ஊர் திரும்பும்போது தோட்டத்து எழுத்தரான ஒரு கிராணியின் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போனார் என்று பெரியவர் சொல்கிறார். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பீஸ் கோர் 1962இல் வந்து 1983இல் நம் நாட்டை விட்டுப் போய்விட்டது. பெட்டியிலோ மரப்பலகை போன்ற ஓரம் அச்சிட்ட 1987ஆம் ஆண்டு அட்டைகள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. பாதிப் பெட்டி உண்மை, பாதி பிறகு சேர்ந்தது என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

விலை வைப்பதில் பெரியவருக்கு ஒரு முறை உண்டு. பெயர் தெரிந்த ஆட்டக்காரர் என்றால் விலைப்பட்டியலைப் பார்ப்பார். பெயர் தெரியாதவர் என்றால் அட்டையின் நான்கு மூலைகளை மட்டும் பார்த்து மூன்று ரிங்கிட்டிலிருந்து பதினைந்து ரிங்கிட்டுக்குள் ஒரு விலை சொல்லிவிடுவார். என்னைப் போன்றவர்களுக்கு இது வாய்ப்பு. ஒவ்வோர் அட்டையையும் உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்க்க அவர் அனுமதிப்பதும், பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுப்பதும் ஈப்போவில்கூட எனக்குக் கிடைக்காத சலுகைகள்.

ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. சென்ற மாதம் சார்லி சில்வெராவின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்றை 160 ரிங்கிட் என்று எழுதி வைத்திருந்தார். 1949 முதல் 1953 வரை அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரைத் தொடர்ந்து ஐந்து முறை வென்ற நியூயார்க் யாங்கீஸ் குழுவில் யோகி பெராவுக்கு மாற்றாக இருந்தவர் சில்வெரா. அந்த ஐந்து தொடர்களிலும் சேர்த்து அவர் களமிறங்கியது ஒரே ஓர் ஆட்டத்தில். பல நாள் தேடிய பெயர் என்பதால் கை தானாகவே பணப்பையை நோக்கிப் போயிற்று. ஆனால் அட்டையின் வெண்மை என்னைத் தடுத்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: உயரம் 89 மில்லிமீட்டர். 1952ஆம் ஆண்டின் அசல் அட்டை பெரியது, ஏறத்தாழ 95 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கையிலிருந்தது அதே டாப்ஸ் நிறுவனம் 1983இல் சிறிய அளவில் வெளியிட்ட மறுபதிப்பு. விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் வாதாடவில்லை. அளவுகோலை என்னிடமிருந்து வாங்கித் தாமும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, 160ஐ அடித்து 8 என்று எழுதினார். அவர் ஏமாற்றவில்லை, அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாடிக்கையாளர் அளவுகோல் கொண்டு வருவார் என்பது நிச்சயமில்லை ஆதலால் இதை இங்கே எழுதுகிறேன்.

பெரிய குறை, அட்டைகளைப் பாதுகாக்கும் விதம். பெட்டி சிமெண்டுத் தரையில் நேரடியாக இருக்கிறது. மழைக்காலத்தில் அட்டைகள் ஓடுபோல் வளைந்து கிடக்கின்றன. இரண்டு மூன்றை இராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. சில கட்டுகள் ரப்பர் வளையம் போட்டு இறுக்கப்பட்டு, மேல் அட்டையிலும் கீழ் அட்டையிலும் வளையம் அழுந்திய இடத்தில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. பால்மரம் சீவி வளர்ந்த ஊரில் ரப்பரே அட்டைக்கு எமனாக வந்ததைப் பார்த்துச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. மெல்லிய பாலிபுரொப்பிலீன் உறைகளும் நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் இருபது ரிங்கிட்டுக்குள் அடங்கும். சொல்லியிருக்கிறேன், தலையாட்டினார்.

அன்று நான் வாங்கியவற்றில் சிறந்தது பாப் யூக்கரின் 1965ஆம் ஆண்டு அட்டை, பன்னிரண்டு ரிங்கிட். ஆறு பருவங்களில் 297 ஆட்டங்கள், மட்டைச் சராசரி மிகச் சரியாக .200, அதாவது ஐந்து முயற்சிகளுக்கு ஒரு வெற்றி அடி. செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 1964இல் உலகத் தொடரை வென்றபோது ஏழு ஆட்டங்களிலும் டிம் மெக்கார்வரே கேட்சராக நிற்க, இவர் பெஞ்சிலேயே இருந்தார். பின்னாளில் வானொலி வருணனையாளராக அமெரிக்கா முழுவதும் புகழ் பெற்று 2025 ஜனவரியில் மறைந்தார். வலக்கை மட்டையாளரான இவர் இந்த அட்டையில் வேண்டுமென்றே இடக்கையாளர் போல நின்று படமெடுத்துக்கொள்ள, யாரும் கவனிக்காமல் அப்படியே அச்சிட்டுவிட்டார்கள். என் பிரதியில் கீழ் இடது மூலை மடிந்திருக்கிறது, நடுவே ஒரு தேநீர்க் கறை. பணம் கொடுத்த பிறகே இந்தக் கதையைப் பெரியவரிடம் சொன்னேன். சில்வெரா விஷயத்தில் முந்திக்கொண்ட நேர்மை இங்கே சற்றுப் பிந்திவிட்டது. அவர் சிரித்துவிட்டு, "அடுத்த தடவை கதையை முதல்ல சொல்லுங்க தம்பி, விலையை நான் அப்புறம் சொல்றேன்," என்றார்.

கடை காலை பத்து மணிக்குத் திறக்கிறது. மதியம் ஒன்று முதல் மூன்று வரை மூடியிருக்கும். ரொக்கம் மட்டுமே. அளவுகோலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையோடு கொண்டுபோவது நல்லது. யூக்கர் உட்பட ஐந்து புதிய கேட்சர்களின் முகங்களை ஒன்றாக அச்சிட்ட 1962ஆம் ஆண்டு அட்டை, எண் 594, அந்தப் பெட்டியில் யாருக்காவது தென்பட்டால், அதற்கு நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.