சூடேறினால் நிற்கும் பத்மினி: கரண்டா, பெட்ரோலா?

மும்பையில் மாட்டுங்காவிலிருந்து செம்பூர் போகும்போது, சயான் சிக்னல் பக்கம்தான் எங்கள் பழைய பிரீமியர் பத்மினி கார் நின்றுபோகும். காலையில் ஒரே திருப்பில் கிளம்புகிற வண்டி, 20 நிமிடம் ஓடிச் சூடேறியதும் அணைந்துவிடும். பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறப்போட்டால் மறுபடி கிளம்பும். இத்தனைக்கும் பக்கத்துக் குர்லாவில் தயாரான வண்டி அது.

இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சூட்டில், பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் (கரண்ட்) விட்டுப்போகும். இல்லையென்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, ஓட்டம் தடைபட்டு 'ஏர் லாக்' ஆகும். ஆறினால் இரண்டுமே சரியாகிவிடுவதால்தான் குழப்பம். ஒரு மெக்கானிக், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் எங்கள் கார்ப்ரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவினார். காசுதான் போனது.

வண்டி நிற்கிற விதத்தைக் கவனியுங்கள். கரண்ட் போனால், சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி சட்டென்று நிற்கும். பெட்ரோல் வராவிட்டால் இருமும், திணறும், இழுவை குறைந்து கொஞ்ச தூரம் தள்ளாடிய பிறகே நிற்கும்.

உறுதி செய்ய வேண்டுமானால் நின்ற அந்தச் சூட்டிலேயே பார்க்க வேண்டும். ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நன்றாகிவிடும். கையிலிருக்கும் வேறொரு ஸ்பார்க் பிளக்கை பிளக் வயரில் செருகி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் படும்படி வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாகப் பளிச்சென்று வெட்டினால் கரண்ட் சரி. மஞ்சளாக மெலிந்தாலோ வராவிட்டாலோ காயில் (ஸ்பார்க்குக்கான உயர் கரண்டைத் தரும் கம்பிச்சுற்று), பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்), கண்டன்சர் (அந்தப் பாயிண்ட் கருகாமல் காப்பது) இவற்றில் ஒன்றுதான் காரணம். பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் இதைச் செய்யவே கூடாது.

பெட்ரோலைச் சோதிக்க, இங்கே டாக்ஸிக்காரர்கள் பழகிய வழி ஒன்று உண்டு: பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணி. இரண்டு மூன்று நிமிடத்தில் வண்டி கிளம்பினால் ஏர் லாக்தான். பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு மும்பையில் ஓய்ந்துவிட்டன. அந்தக் கைப்பழக்கம் இன்னும் உதவுகிறது. தாராவியில் இருக்கும், டாக்ஸி ஓட்டிய திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் என்னிடம் சொன்னது: "தம்பி, மொதல்ல கண்டன்சரை மாத்துங்க. அதுதான் மலிவு." மாற்றினேன், தொல்லை போகவில்லை. கடைசியில் பார்த்தால், கோளாறு காயிலில்தான். உள்ளே சுற்றிய கம்பியின் காப்பு, சூட்டில் விட்டுக்கொண்டிருந்தது.

சரி, எதை மாற்றுவது? பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் அடிக்கடி இடைவெளி பார்க்கும் வேலை இல்லை. ஆனால் அது வழியில் செத்தால் வண்டியை இழுத்துத்தான் போக வேண்டும். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தே வீடு வந்துவிடலாம். ஊருக்குள் ஓட்ட எனக்குப் பாயிண்டே போதும்.

பெட்ரோல் பக்கம், எலக்ட்ரிக் பம்ப் டேங்க் அருகிலிருந்து தள்ளுவதால் ஏர் லாக் குறையும். ஆனால் அழுத்தம் கூடினால் கார்ப்ரேட்டர் வழியும். விபத்தில் தானே நிற்கும் கட்-ஆஃப் இல்லாமல் அதைப் பொருத்தவே கூடாது. அதற்கு முன், குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, நடுவில் ஒரு தகடு வையுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றைச் சீக்கிரம் கெடுக்கும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இதே தொல்லைதான். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று இழுத்தால் காரணம் அதுவே.

புதுக் காயில் போட்டு ஒரு கோடை போய்விட்டது, வண்டி நிற்கவில்லை. டிக்கியில் ஒரு கண்டன்சரும் ஸ்க்ரூடிரைவரும் உப்புத்தாளும் எப்போதும் இருக்கின்றன.