ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைக்குக் கைச்சிகிச்சைகள்: சில ஆண்டுகளின் அனுபவம்

‘கோபக்காரன்’ என்று பெயரெடுத்த ஒரு குதிரையை வாங்கப் போகிறீர்கள் என்றால், முதலில் அதன் வயிற்றையும் முதுகையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மசாஜ், பிசியோதெரபி, கைரோபிராக்டிக் (மூட்டுகளைக் கையால் தள்ளி அசைத்துவிடுவது), மாஸ்டர்சன் முறை, டி-டச் (இவ்விரண்டும் மெல்லத் தொடும் முறைகள்) எல்லாவற்றையும் என் குதிரைக்குச் செய்து பார்த்திருக்கிறேன். அவற்றில் சில அவன் வாழ்க்கையையே மாற்றின. ஆனால் எந்தக் கையும் வயிற்றுப்புண்ணை ஆற்றவில்லை, பொருந்தாத சேணத்தைப் பொருத்தமாக்கவும் இல்லை. அவற்றைச் சரிசெய்த பிறகுதான் கைகளுக்கு வேலை வந்தது. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

என் குதிரை மருதன் இங்கிலாந்தில் சமதளப் பந்தயங்களில் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் இனக் குதிரை, காயடிக்கப்பட்ட ஆண். நான் வாங்கியபோது சேணத்தை எடுத்துக்கொண்டு லாயத்துக்குள் நுழைந்தாலே காதுகளைப் பின்னால் மடக்குவான். வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருவான். ஏறி உட்கார்ந்தவுடன் முதுகைக் கல்லாக்கிக்கொண்டு வாலைச் சுழற்றுவான். இடப்பக்கக் கேன்டர் (மிதமான பாய்ச்சல்) கேட்டால் துள்ளுவான். லாடம் அடிப்பவருக்குப் பின்னங்கால் கொடுக்க மாட்டான். அவனைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் “திமிர், கண்டிப்பாக நடத்துங்கள்” என்றார்கள். அந்தச் சொல் எனக்கு இன்றும் வலிக்கிறது. வலியைச் சொல்ல அந்த உயிருக்கு வேறு வழியே இல்லை.

இங்கிலாந்தின் பந்தயக் குதிரை நகரான நியூமார்க்கெட்டில் நீண்ட காலம் பணியாற்றிய கால்நடை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்து 2018இல் ஒரு வலிப்பட்டியலை வெளியிட்டார். காது மடக்குதல், வாலைச் சுழற்றுதல், வாயைத் திறந்தபடி வைத்திருத்தல், கண்ணின் வெள்ளை தெரிதல், கேன்டரில் முன்கால் மாற்றி வைத்தல் போன்றவை அதில் அடங்கும். எட்டோ அதற்கு மேலோ ஒரே சவாரியில் தென்பட்டால், எலும்பு அல்லது தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்பது அதன் சாரம். சவாரிக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணினேன். மருதன் அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டினான். அந்தக் காணொளியோடுதான் மருத்துவரை அழைத்தேன். “குணம் சரியில்லை” என்று சொல்வதைவிட, எண்ணிக்கையோடு பேசுவது மருத்துவருக்கும் உதவுகிறது.

இரைப்பையை உள்நோக்குக் குழாய் விட்டுப் பார்த்ததில் புண்கள் இருந்தன. குதிரையின் இரைப்பை ஓயாமல் அமிலம் சுரக்கும். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். நாளெல்லாம் மேய்வதற்காக அமைந்த உடல் அது. பந்தய லாயத்தில் தானியம் அதிகம், வைக்கோலும் புல்லும் குறைவு, இடையே நீண்ட வெறும் வயிறு. பயிற்சியில் இருக்கும் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பான்மையானவற்றுக்கு இந்தப் புண் இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்துப் பசையைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தோம். உலர்புல் எப்போதும் கிடைக்கும்படி செய்தோம். சவாரிக்கு முன் கொஞ்சம் புல் தின்னவைத்தோம். வார் இறுக்கும்போது கடிக்க வந்ததில் பாதி அங்கேயே போய்விட்டது.

அடுத்தது சேணம். தகுதி பெற்ற சேணம் பொருத்துநர் வந்து, சேணத்தின் உள்சட்டம் தோள்பட்டைக்குப் பின்னால் இரு பக்கமும் கிடுக்கிப் பிடிப்பதைக் காட்டினார். அங்கே தசை குழிந்து போயிருந்தது. சேணத்தின் பின்பகுதியும் கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்பை அழுத்தியது. குதிரையின் முதுகு அந்த இடத்தில் எடை தாங்கும்படி அமைந்ததல்ல. எக்ஸ்ரேயில் சேணத்துக்குக் கீழே முதுகெலும்பிலிருந்து மேலே நீளும் இரண்டு எலும்பு முட்கள் நெருக்கமாக நின்றன. ஆனால் ஒன்றையொன்று உரசவில்லை, அறுவை சிகிச்சையும் தேவைப்படவில்லை. “முதுகைத் தூக்கக் கற்றுக்கொடுங்கள், பிசியோதெரபிஸ்டை அழையுங்கள்” என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கைச்சிகிச்சைகளின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிசியோதெரபிஸ்ட் முதல் வருகையில் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். நேராக நடக்கவிட்டார், சிறு வட்டத்தில் திருப்பினார், பின்னோக்கி நகர்த்தினார். பிறகு முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களை ஓட்டினார். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. மார்புக்கூடு முழுவதும் இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே தசைகளால்தான் தொங்குகிறது. உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத் தாங்கும் பக்கமும் அதுவே. மருதனுக்கு அந்த மார்புத்தசைகள் இறுகியிருந்தன. வார் போகும் இடமும் அதுதான். அந்த அம்மா அவற்றைத் தளர்த்தினார். ஆனால் அவர் எனக்குக் கொடுத்த பெரிய சொத்து வேறு: அவர் வராத நாட்களில் நான் செய்ய வேண்டிய கேரட் பயிற்சி.

கேரட்டைக் காட்டி, குதிரை கால்களை நகர்த்தாமல் தலையை மார்புக்கும், முன்முட்டிகளுக்கு நடுவேயும், பக்கவாட்டில் விலாவுக்கும் கொண்டுவரச் செய்வது, சில வினாடிகள் அங்கேயே நிறுத்தி வைப்பது. கேட்டால் விளையாட்டு போலத் தோன்றும். நாரெல் ஸ்டப்ஸ், ஹிலரி கிளேட்டன் முதலானோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுக் குதிரைகள் மூன்று மாதம், வாரத்தில் ஐந்து நாள் இதைச் செய்தபோது, முதுகெலும்பை ஒட்டியிருந்து அதை நிலைநிறுத்தும் ஆழத்தசை பருத்ததை அல்ட்ராசவுண்டில் அளந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவற்றுக்குச் சவாரியே இல்லை. மருதனின் தோளுக்குப் பின்னிருந்த குழி மெல்ல நிரம்பியதை நானே கையால் உணர்ந்தேன். சேணத்தை மறுபடி பொருத்த வேண்டியிருந்தது. செலவுதான், ஆனால் மகிழ்ச்சியோடு செய்த செலவு. இவ்வளவு சிகிச்சைகளிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அதற்கடுத்த இடம் மாஸ்டர்சன் முறைக்கு. அமெரிக்க நெடுந்தூர ஓட்ட அணியின் குதிரைகளோடு வேலை செய்த ஜிம் மாஸ்டர்சன் உருவாக்கியது இது. மசாஜ் என்றால் நாம் அழுத்துவதை நினைக்கிறோம். இந்தியாவில் சைஸ்கள் எனப்படும் குதிரைப் பராமரிப்பாளர்கள் வியர்வை சிந்திக் குதிரைக்குச் செய்யும் மாலிஷும் அழுத்தித் தேய்ப்பதுதான். ரத்த ஓட்டத்துக்கு அது நல்லது. மாஸ்டர்சன் முறை நேர் எதிர்த்திசையில் போகிறது. வலிக்கும் இடத்தை அழுத்தினால் குதிரை உடம்பை இறுக்கிக்கொள்ளும். இரையாகக்கூடிய விலங்கு வலியை எளிதில் வெளிக்காட்டாது, தாங்கிக்கொள்ளும். ஆகவே அது இறுக்கிக்கொள்ள எதுவும் இல்லாத அளவுக்கு மெல்லத் தொட வேண்டும். அழுத்தத்துக்கு ஐந்து படிகள் சொல்கிறார்கள்: மயிரை மட்டும் தொடும் காற்றிடைவெளி, பிறகு முட்டையின் மஞ்சள் கரு, திராட்சை, பழுத்த எலுமிச்சை, காய் எலுமிச்சை இவற்றைச் சற்றே அமுக்கும் அளவு. பெரும்பாலான வேலை முதல் இரண்டிலேயே நடக்கிறது.

தலை உச்சியில் தொடங்கி, நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, கழுத்து, முதுகு, இடுப்பு வழியாகப் பின்னங்கால் குளம்பின் விளிம்பு வரை விரல்நுனியை மிக மெதுவாக இறக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கே கண் இமைக்கிறதோ, உதடு துடிக்கிறதோ அங்கே கையை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். தலை திருப்பலாம், மூச்சு விடலாம், கொட்டாவி விடலாம், உடம்பைக் குலுக்கலாம்; அப்போதுதான் நகர வேண்டும். முதல் சில வாரங்கள் மருதன் எதையுமே காட்டவில்லை. பிறகு ஒரு மாலை, இடுப்பெலும்பு முதுகோடு சேரும் இடத்தில் கை நின்றபோது அவன் பின்னங்காலைத் தளர்த்தி, கண்கள் மேலே செருக, ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டாவி விட்டான். அன்றிலிருந்து நான் கை வைக்கும் முன்பே அந்த இடத்தை என் பக்கம் திருப்பிக் காட்டத் தொடங்கினான். இடப்பக்கக் கழுத்தை அவன் தானாக வளைக்க விட்டதும் இந்த முறையால்தான்: மூக்கில் ஒரு கை, கழுத்தில் ஒரு கை, மெல்ல ஆட்டுவது, எதிர்த்தால் உடனே விட்டுக்கொடுப்பது.

கொட்டாவியையும் வாய் மெல்லுவதையும் பார்த்து ‘வலி வெளியேறிவிட்டது’ என்று முடிவுகட்டிவிட வேண்டாம். காட்டில் திரியும் குதிரைகளைக் கவனித்தவர்கள், பதற்றத்திலிருந்து தளர்ச்சிக்கு மாறும்போது அவை நாக்கைச் சுழற்றி மெல்லுவதைக் கண்டிருக்கிறார்கள். பதற்றமூட்டிவிட்டு நிறுத்தினாலும் அதே அடையாளம் வரும் என்றாகிறது. ஆகவே நான் நம்புவது மறுநாளின் டிராட் என்னும் துள்ளு நடையை: அடி நீண்டிருக்கிறதா, முதுகு அசைகிறதா, வார் இறுக்கும்போது முகம் எப்படி இருக்கிறது?

டி-டச் எனப்படும் டெலிங்டன் டச் முறையை உருவாக்கியவர் லிண்டா டெலிங்டன்-ஜோன்ஸ். 1970களில் மோஷே ஃபெல்டன்கிரைஸிடம் பயின்றதை விலங்குகளுக்குக் கொண்டுவந்தார். கடிகார முகப்பில் ஆறு மணியிலிருந்து ஒரு முழுச் சுற்றும் மேலே கால் சுற்றும் தோலை நகர்த்துவது அதன் அடிப்படை. தசை வலிக்கு இதனால் பெரிய மாற்றம் எதையும் நான் காணவில்லை. அச்சத்துக்கு நன்றாக உதவியது. காதை அடியிலிருந்து நுனிவரை மெல்ல நீவினால் மருதன் தலையை இறக்கிவிடுவான். லாடம் அடிப்பவர் வரும் நாளில், பின்னங்கால்களை மேலிருந்து கீழே சிறு வட்டங்களாகத் தொட்டுப் பழக்கினேன். காலை உயரத் தூக்காமல் தாழ்வாகப் பிடித்து வேலை செய்ய அவரும் ஒப்புக்கொண்டார். முதுகு வலித்த குதிரைக்கு மூன்று காலில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை அவர் புரிந்துகொண்ட நாளிலிருந்து சண்டை இல்லை.

கைரோபிராக்டிக்கைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, முதுகில் அழுத்தத்தைத் தாங்கும் அளவு ஒரு வாரத்தில் கைரோபிராக்டிக்கால் 27 சதவீதமும், மசாஜால் 12 சதவீதமும், ஃபினைல்பூட்டசோன் என்னும் வலிநிவாரணியால் 8 சதவீதமும் உயர்ந்ததாகச் சொல்கிறது. ஆனால் அவை நோய் அறிகுறி இல்லாத குதிரைகள். மருதனிடம் பலன் உடனே தெரிந்தது: இடுப்பு இரு பக்கமும் ஒரே அளவு அசைந்தது. பயிற்சி சேராத நாட்களில் அது விரைவாகத் தேய்ந்தும் போனது. வந்தவர்களில் ஒருவர் “இடுப்பு இடம் பெயர்ந்திருக்கிறது, உள்ளே தள்ளிவிட்டேன்” என்றார். இவ்வளவு பெரிய விலங்கின் இடுப்பு எலும்பு உண்மையிலேயே இடம் பெயர்ந்திருந்தால், அது கையால் தள்ளும் காரியமாக இருக்காது. மூட்டின் அசைவு குறைந்திருக்கிறது என்று சொல்பவரையே மறுபடி அழைக்கிறேன்.

மண்டையோட்டையும், முதுகெலும்பின் கடைப்பகுதியில் உள்ள திரிக எலும்பையும் தொட்டுச் செய்யும் கிரேனியோசேக்ரல் சிகிச்சையில் அவன் உறங்கிப்போனான். அதற்கு மேல் எதுவும் காணவில்லை. காந்தம் வைத்துத் தைத்த போர்வையை வாங்க வேண்டாம்.

இங்கிலாந்தில் நோயைக் கண்டறிவது, 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, கால்நடை மருத்துவரின் உரிமை. பிசியோதெரபிஸ்ட் அவருடைய வழிகாட்டுதலின் கீழ்தான் சிகிச்சை செய்ய வேண்டும். ஆனால் மனிதர்களுக்கான ‘பிசியோதெரபிஸ்ட்’ பட்டத்துக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு விலங்குகளுக்கானதற்குக் கிடையாது. வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு அட்டை அச்சடிக்கலாம். எங்கே படித்தார், எந்தப் பதிவேட்டில் இருக்கிறார், மருத்துவர் அறிக்கையைக் கேட்கிறாரா என்று கேளுங்கள். அறிக்கையைக் கேட்காமலே குதிரையைத் தொட வருபவரை நான் உள்ளே விடுவதில்லை. ஒவ்வொரு வருகைக்கும் 50 முதல் 80 பவுண்டு வரை கொடுத்திருக்கிறேன். மருத்துவரின் பரிந்துரை இருந்தால் மட்டுமே காப்பீடு பணம் தரும் திட்டங்கள் பல உண்டு. அந்தக் கடிதத்தை முன்பே வாங்கிவிடுங்கள்.

இப்போது மருதனுக்குப் பிசியோதெரபிஸ்ட் பருவத்துக்கு ஒருமுறை வருகிறார். கேரட்டும் மெல்லிய தொடுதலும் என் கையில், பெரும்பாலான நாட்களில். வாரை இரண்டு மூன்று கட்டமாக இறுக்குகிறேன். காதைத் திருப்பிப் பார்க்கிறான், கடிப்பதில்லை. இடப்பக்கக் கேன்டர் வருகிறது, குளிர்காலக் காலைகளில் சற்றுத் தயங்கியபடி. அந்த நாட்களில் கேட்பதில்லை. நீண்ட நடை நடந்துவிட்டு வருகிறோம். கோடையில் வயிற்றை மறுபடி உள்நோக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.