சைடு வீலா, பேலன்ஸ் பைக்கா, துப்பட்டாவா: மலைச் சரிவுக்கு எது சரி?

எங்கள் வீடு கொடைக்கானல் நாயுடுபுரத்தில். வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் தவறி விழுந்தால் கீழ்முனைக் கடை வாசலில் போய்த்தான் எடுக்க வேண்டும். இந்தத் தெருவில் நின்றுகொண்டுதான் என் ஐந்து வயது மகள் சைக்கிள் கேட்டாள்.

நான் சைக்கிள் கற்றது இங்கே இல்லை. கோடை லீவுக்கு வத்தலக்குண்டில் பாட்டி வீட்டுக்குப் போனபோது, தாத்தாவின் பெரிய வண்டியில் பாருக்கு அடியில் காலை நுழைத்து, குரங்கு பெடல் அடித்துக் கற்றது. மலையில் வளர்ந்த பலருக்கும் இப்படிக் கீழே ஒரு ஊர் தேவைப்பட்டிருக்கிறது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு இன்றும் சைக்கிள் தெரியாது. மகளுக்கு மேலேயே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். கிடைத்த எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று.

முதலில் சைடு வீல், அதாவது பின் சக்கரத்தின் இரு பக்கமும் மாட்டும் குட்டிச் சக்கரங்கள். வத்தலக்குண்டில் இருக்கும் தம்பிதான் சொன்னான்: "அக்கா, சில நூறு ரூபாதான். என் பையன் ஒரே நாள்ல ஓட்டிட்டான்." அவன் சொன்னதில் பொய் இல்லை. அவன் தெரு தட்டையான சிமெண்ட் ரோடு. இங்கே நடந்தது வேறு. பதினாறு அங்குல வண்டி வாங்கிய கடையிலேயே சைடு வீலை மாட்டி, இரண்டும் தரையில் நன்றாகப் படியும்படி இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள். முதல் சனிக்கிழமை, தெருவில் சரிவு குறைவான மேல்பகுதியில் இறக்கிவிட்டேன். பத்தடி போனாள். "பிரேக் பிடி" என்றேன். சொல்லிக்கொடுத்தபடி பின் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நிற்கவே இல்லை. அடுத்த வீட்டு டேலியாப் புதர்தான் நிறுத்தியது.

அப்புறம் ரோட்டில் குந்தி உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம். இரண்டு சைடு வீலும் பள்ளத்தின் இரு கரையிலும் உட்கார்ந்திருக்க, நடுவில் பின் சக்கரம் ஒரு விரல்கடை உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. காற்றில் தொங்கும் சக்கரத்தை பிரேக் பிடித்து நிறுத்தினால் என்ன, சுற்றவிட்டால் என்ன? பெடலை மிதித்தாலும் அதே கதைதான், சக்கரம் சும்மா சுற்றும். கீழ்நாட்டில் இது வண்டி நகரவில்லை என்ற சிணுங்கலோடு முடிந்துவிடும். சரிவில் அப்படி முடியாது.

சைடு வீலைத் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் போலத் தூக்கி மாட்டினால் இந்தக் கோளாறு ஓரளவு குறையும், அதையும் செய்து பார்த்தேன். ஆனால் மலை ரோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். வண்டி எப்போதும் ஒரு சைடு வீலில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறது, குழந்தையும் அப்படியே உட்காரப் பழகுகிறது. இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு சக்கர வண்டி விழப்போகும் பக்கமே ஹேண்டிலைத் திருப்பினால்தான் சக்கரங்கள் உடம்புக்கு அடியில் வந்து நிமிரும். சைடு வீல் இருக்கும்வரை வண்டி விழப்போவதே இல்லை. விழப்போகாத வண்டியில் இதை எப்படிக் கற்பது? பெடல் மிதிக்கப் பழகலாம், அவ்வளவுதான். பேலன்ஸ் பாடம் சைடு வீலைக் கழற்றிய நாளில்தான் தொடங்கும்.

அடுத்தது பேலன்ஸ் பைக். பெடலும் செயினும் கிடையாது, காலால் தரையை உந்தி ஓட்டுவது. புதுசாக வந்த சமாச்சாரம் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் சைக்கிளின் பிறப்பே அப்படித்தான். 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடல் இல்லை. முன் சக்கரத்தில் பெடல் வைத்தது 1860-களில்தான். நடுவில் நாற்பது வருடத்துக்கும் மேல் பெரியவர்களே காலால் உந்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

தோழி ஒருத்தி தன் மூன்று வயதுப் பையனின் வண்டியைக் கடன் கொடுத்தாள். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. பேலன்ஸ் கற்பதற்கு இதைவிட நல்ல சாதனம் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் பையன் வீட்டு முற்றத்தில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு வழுக்கிப் போவதைப் பார்க்க வேண்டுமே! ஆனால் இந்த வகை வண்டிகளில் பலவற்றுக்கும் பிரேக் இருப்பதில்லை. காலைத் தேய்த்துத்தான் நிறுத்த வேண்டும். முற்றத்தில் சரி. எங்கள் தெருவில் என் மகள் ஒரே ஒரு முறை இறக்கத்தில் விட்டாள். ஷூவின் முன்பக்க ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம், நான் குறுக்கே ஓடிப்போய் மறித்தேன். விலையும் சைடு வீல் போலச் சில நூறில் முடிவதில்லை. இரண்டிலிருந்து நாலு வயதுக்குள் குழந்தை, வீட்டில் சமதளமாக ஒரு முற்றமோ மொட்டை மாடியோ இருந்தால், தாராளமாக வாங்கலாம். பிறகு அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கைமாற்றிவிடலாம். ஐந்து வயதுக்கு மேல் என்றால் வேண்டாம், காசு வீண்.

ஏனென்றால் வீட்டில் நிற்கும் சைக்கிளையே பேலன்ஸ் பைக் ஆக்கிவிடலாம், இரண்டு பெடலையும் கழற்றினால் போதும். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது இதுதான். காரணம் ஒன்றே ஒன்று: அந்த வண்டியில் ஏற்கெனவே பிரேக் இருக்கிறது.

கழற்றும்போது ஒரு மணி நேரம் திண்டாடினேன். வலது பெடல் எல்லா நட்டையும் போலத்தான் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி: பெடல் தண்டில் ஸ்பேனரை மாட்டி மேல்நோக்கி நிறுத்தி, பின் சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளுங்கள், கழன்றுவிடும். பெடல் மாட்டியிருக்கும் கை, அதாவது கிராங்க், கூடவே பின்னோக்கிச் சுற்றும், யாராவது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு என் வீட்டுக்காரர் பிடித்தார், பிடித்துக்கொண்டே அறிவுரையும் சொன்னார். கழற்றிய பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் கிராங்க் முனைகள் கெண்டைக்காலில் இடிக்கும், பழைய சாக்ஸைச் சுற்றிக் கட்டிவிட்டேன். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினேன். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும். பெருவிரல் மட்டும் எட்டினால் அந்த வண்டி இன்னும் பெரிது, இந்த வழி இப்போதைக்குச் சரிப்படாது.

இதற்கும் குறை உண்டு. இரும்பு வண்டி கனம், குழந்தைக்குத் திருப்புவது சிரமம். பிரேக் லிவர் சின்னக் கைக்கு எட்டாமல் இருக்கலாம். சில லிவர்களில் அதைக் கைப்பிடிக்குப் பக்கமாகக் கொண்டுவர ஒரு குட்டித் திருகு இருக்கும், இல்லாவிட்டால் கேபிளை மெக்கானிக்கிடம் சரிசெய்யச் சொல்லுங்கள். எங்கள் வண்டிக்கு இது நடந்த பிறகுதான் அவளால் இரண்டு விரலால் பிரேக் பிடிக்க முடிந்தது. முதல் இரண்டு நாள் வேறு எதுவும் செய்யவில்லை. நாலடி உருள், பிரேக் பிடி, நில். மறுபடி நாலடி. அலுத்துப்போய் அவளே ஐந்தாறு அடி விட ஆரம்பித்தாள்.

பின்னால் பிடித்துக்கொண்டு ஓடும் வகைகளும் இருக்கின்றன. சீட்டுக்குப் பின்னால் மாட்டும் கம்பி முதுகு வலியைக் குறைக்கும், இறக்கத்தில் பிடித்து நிறுத்தவும் உதவும். ஆனால் வண்டி சாயும்போதெல்லாம் நம் கை தன்னாலேயே நிமிர்த்திவிடுகிறது, சைடு வீலின் வேலையைத்தான் செய்கிறது. கேரியரைப் பிடிப்பதும் அப்படியே. ஹேண்டிலைப் பிடிப்பது எல்லாவற்றையும் விட மோசம். துப்பட்டாவை மார்பின் குறுக்கே கொடுத்து இரண்டு அக்குளுக்கு அடியிலும் விட்டு, பின்னால் இரு முனையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வது எனக்குப் பிடித்த முறை. வண்டி அவள் பாடு, விழுந்தால் ஆளை மட்டும் தூக்கிக்கொள்ளலாம். முனை சக்கரத்தில் சிக்காமல் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். பெடல் திரும்ப மாட்டிய முதல் மூன்று நாளுக்கு மட்டும் இது தேவைப்பட்டது.

மூன்று சக்கர வண்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: விளையாட்டுக்கு நல்லது, சைக்கிள் பழக உதவாது.

இடம்தான் கடைசிச் சிக்கல். 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் வெட்டிவைத்த ஏரியும், அதைச் சுற்றிச் சுமார் ஐந்து கிலோமீட்டர் ரோடும் இல்லையென்றால் இந்த ஊர்க் குழந்தைகள் எங்கே ஓட்டுவார்கள் என்று தெரியவில்லை. கொடையில் ஓரளவு சமமான ரோடு அது. பத்து மணிக்கு மேல் போனால் வாடகை சைக்கிள், குதிரை, கார் எல்லாம் சேர்ந்து வரும், சீசனில் கேட்கவே வேண்டாம். நாங்கள் காலை ஆறரைக்கே போவோம். ஸ்வெட்டருக்கு மேல் ஹெல்மெட், வாயில் புகை. பெடல் மாட்டிய நாலாவது நாள் துப்பட்டாவைக் கையில் சுருட்டிக்கொண்டு நான் சும்மா பின்னால் நடந்தேன். மூடுபனிக்குள் போய் மறைந்தாள். எனக்கு அடிவயிற்றில் ஒரு பிசைவு. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பிரேக் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல்: "அம்மா, இங்க ஒரு குதிரை குறுக்க நிக்குது!"