அரியர் தாளுக்குப் படித்த இடம்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்

உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு முதன்முறையாகப் போனேன். தரமணியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை அறையில் ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றொருவர் சமைப்பார், இன்னொருவர் வீட்டாரோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருப்பார். எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை. ஆனாலும் அங்கே ஒரு மணி நேரம் தொடர்ந்து கணக்குப் போட முடியவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, தேர்வுகள் தள்ளிப்போய், மின்சாரமும் இல்லாமல் கிடந்த நாள்களில் படிப்பு முற்றிலும் கலைந்துபோயிருந்தது. மூன்றாம் செமஸ்டர் கணக்குத் தாளில் எனக்கு அரியர் விழுந்தது; அதாவது, தேறாததால் அதை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

புயலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் இன்டர்னல் எனப்படும் அகமதிப்பீட்டுக்கு 40 விழுக்காடும் செமஸ்டர் தேர்வுக்கு 60 விழுக்காடும் எடை உண்டு. நூறு மதிப்பெண் வினாத்தாளில் 45 எடுக்காமல் தேற முடியாது. ஐந்து யூனிட்டில் மூன்றை மட்டும் படித்தால் போதும் என்று மாணவர்களிடையே வழிவழியாக ஒரு கணக்கு உண்டு. கணக்குத் தாளில் யூனிட்டுக்கு ஒரு 16 மதிப்பெண் வினாவும் இரண்டு டூ மார்க் வினாக்களும் வரும் என்று கொண்டால், மூன்று யூனிட்டிலும் ஒரு பிழைகூட இல்லாமல் எழுதினால்தான் 60 கிடைக்கும். ஓர் அலையைச் சைன், கோசைன் அலைகளின் கூட்டலாக எழுதும் ஃபூரியர் தொடர் போன்ற பகுதிகளில், தொகையீடுகளில் குறிகள் மாறிக்கொண்டே போனால் அந்தப் பதினைந்து மதிப்பெண் இடைவெளி கரைந்துவிடும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

நூலகத்தின் தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்போருக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கல்லூரி மாணவர்களுக்கு இந்த நூலகம் செய்யும் முதல் உதவி அதுவே என்பேன். அங்கே எங்களைப் போன்றவர்களைவிட, டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி போன்ற போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களே அதிகம்; ஆண்டுக்கணக்கில் வருகிறவர்கள் அவர்கள். ஒரு நாள் எதிர் இருக்கையில் இருந்த அண்ணன் என் நோட்டைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, வெளியே தேநீர் குடிக்கும்போது, “தம்பி, விடையைப் பார்த்துக்கிட்டே போட்டா கை பழகாது. மூடி வச்சுட்டுப் போடுங்க” என்றார். எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்காத அறிவுரை அது. கண்காணிப்பவர் யாரும் இல்லாமலேயே, சுற்றியிருக்கும் நூறு பேரின் அமைதி ஒருவனைப் படிக்க வைக்கிறது என்பதை அந்த மேசைகளில் உணர்ந்தேன்.

ஆனால் தரைத்தளத்தோடு திரும்பிவிடுகிற மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. பன்னிரண்டு லட்சம் நூல்களை வைக்கும் அளவுக்குக் கட்டப்பட்ட கட்டடம் இது. 2010 செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்தநாளில் திறக்கப்பட்டது. 2011 நவம்பரில் இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தபோது வழக்குகள் தொடரப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததால்தான் இன்றும் நூலகமாக நிற்கிறது. அவ்வளவு போராடிக் காப்பாற்றப்பட்ட தளங்களுக்கு ஒருமுறையேனும் படியேறிப் போக வேண்டாமா?

நான் ஏறியது ஐந்தாம் தளத்துக்கு. கணிதம், இயற்பியல் உள்ளிட்ட அறிவியல் நூல்கள் அங்கே இருக்கின்றன. அதுவரை நான் படித்தது லோக்கல் ஆத்தர் புத்தகங்கள் என்று நாங்கள் சொல்லும், உள்ளூர் ஆசிரியர்கள் தேர்வுக்கென எழுதிய நூல்களும் ஜெராக்ஸ் கடையில் வாங்கிய வினா வங்கியும்தான். அவற்றில் சூத்திரம் இருக்கும், விடை இருக்கும். அந்தச் சூத்திரம் ஏன் வந்தது என்பது இருக்காது. அங்கிருந்த தடிமனான நூல் ஒன்றில், சதுர வடிவ அலை ஒன்றைச் சைன் அலைகளாகப் பிரித்து, ஒன்று சேர்த்தால் எப்படி இருக்கும், மூன்று சேர்த்தால் எப்படி இருக்கும் என்று படம் படமாகக் காட்டியிருந்தார்கள். ஒற்றைப்படை உறுப்புகள் மட்டும் ஏன் மிஞ்சுகின்றன என்பது அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பின் மனப்பாடம் செய்ய அதிகம் இருக்கவில்லை. மேல் தளங்களுக்குச் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோக முடியாது. வெள்ளைத் தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

போக்குவரத்தும் சாப்பாடும் மாணவனுக்குக் கட்டுப்படியாக வேண்டும். வேளச்சேரியிலிருந்தும் தரமணியிலிருந்தும் பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி நான்கைச் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு டப்பாவில் புளிச்சாதம் கட்டிக்கொண்டு வந்தால், தேர்வு விடுமுறை நாள்களில் செலவு மிகக் குறைவு. பகலில் களைப்புத் தட்டினால் முதல் தளத்துக் குழந்தைகள் பகுதிப் பக்கம் போய்வருவேன். செயற்கை மரம் ஒன்றின் கீழ் சிறுவர்கள் புத்தகம் விரித்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனம் இலகுவாகும்.

எல்லோருக்கும் இந்த இடம் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் பதியும் என்பவர்களுக்கும், நண்பர்களோடு விவாதித்துக் கற்பவர்களுக்கும் இங்கே வழியில்லை. அவர்களுக்குக் கல்லூரி மரத்தடியே மேல். தேர்வுக்கு முந்தைய இரவைக் கண்விழித்துக் கழிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இது உதவாது, ஏனெனில் இரவில் நூலகம் மூடிவிடும். எனக்கோ அந்த மூடும் நேரமே பயன்பட்டது. இரவுக்குள் எழுந்தாக வேண்டும் என்பதால் அன்றைய யூனிட்டை அன்றே முடித்தேன், அறைக்குத் திரும்பியதும் உறங்கினேன். செமஸ்டர் நாள்களில் இருக்கை காலையிலேயே நிறையத் தொடங்கும் என்பதால், ஏப்ரல்–மே தேர்வுக்கு வருபவர்கள் திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுவது நல்லது. அந்த ஏப்ரல்–மே தேர்வில் ஐந்து யூனிட்டையும் படித்து எழுதி, கணக்குத் தாளில் தேறினேன்.