தாத்தாவை வரையக் கொடுத்தேன், இருந்த ஒரே போட்டோவும் போனது

பழைய போட்டோவைக் கொடுத்து ஆயில் பெயின்டிங் வரையச் சொல்லப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குத் தாத்தா படத்தைப் பெரிதாக வரைந்து மாட்ட நினைத்தேன். தாத்தா சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அம்மாவின் பத்து வயதிலேயே போய்விட்டார். 1950களின் தொடக்கத்தில் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் மிச்சம்.

சிராங்கூன் சாலைப் பக்கம் ஒருவர் 900 வெள்ளி கேட்டார். "ஒரிஜினல் இருந்தாத்தான் முகம் வரும்" என்றார். சரி என்று ஃப்ரேமோடு கொடுத்து, முழுப்பணத்தையும் போனிலேயே பேநவ் வழியாக அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன்.

ஆறாவது நாளே ரெடி என்று மெசேஜ். ஆயில் பெயின்ட் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவே பல நாள் பிடிக்கும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மா கண்ணாடி போட்டு வெகுநேரம் பார்த்தார். "ஆள் நல்லாத்தான் இருக்காரு. ஆனா எங்கப்பா இல்லடா."

தாத்தாவுக்கு இடது இமை கொஞ்சம் இறங்கியிருக்கும். படத்தில் அது இல்லை. மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் மென்பொருள் தெரியாத இடத்தைத் தானாக இட்டு நிரப்பிவிடுகிறது. அப்படி வந்த யாரோ ஒருவர் முகம். அதைக் கேன்வாஸில் பிரின்ட் எடுத்து, மேலே நிறமில்லாத ஜெல்லை பிரஷ்ஷால் தடவியிருக்கிறார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கன்னமெல்லாம் பொடிப்பொடி நிறப் புள்ளிகள். பிரஷ் தடங்கள் மூக்கு, மீசை எதையும் கண்டுகொள்ளாமல் குறுக்கே ஓடுகின்றன.

பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்வேன். இந்த ஊர் ஈரக்காற்றில் பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டிப்போகும். அவர் அதைப் பிய்த்து எடுத்திருக்கிறார். தாத்தாவின் ஒரு கன்னமும் பாதி மீசையும் கண்ணாடியில். போட்டோவில் அந்த இடம் வெறும் வெள்ளைக் காகிதம். கேட்டால், "பழைய படம்ணே, அப்படித்தான் இருந்துச்சு." அப்புறம் போனே எடுப்பதில்லை.

ஒட்டிய போட்டோவைப் பிரிக்காதீர்கள். கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்து ஃபைலை மட்டும் கொடுங்கள். முதலில் பாதிப் பணம் மட்டும் கொடுத்தால் போதும். பென்சிலில் முகம் போட்டதும், வண்ணம் ஏறும் முன், அந்த முகத்தை நேரில் பார்த்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

சிறிய தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனலில் மனு போட்டிருக்கிறேன். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்கிறார்கள், வக்கீல் வேண்டாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். "கையால் வரைந்த ஆயில் பெயின்டிங்" என்று அவரே அனுப்பிய மெசேஜ் கையில் இருக்கிறது. அந்தக் கண்ணாடியை யாரும் துடைத்துவிடாதபடி அட்டைப்பெட்டியில் வைத்து அலமாரியில் பூட்டியிருக்கிறேன்.