முன்கண்ணாடியின் மெல்லிய கீறல்: பூசுவதா, தேய்ப்பதா, விட்டுவிடுவதா, மாற்றுவதா?

கார் முன்கண்ணாடியில் விழுந்த மெல்லிய கீறல் பகலில் பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு அதன்மேல் படும்போதுதான் அந்தக் கோடு முழுவதும் பற்றி எரிவதுபோல் ஒளிர்ந்து, அதற்குப் பின்னால் உள்ள சாலையை ஒரு நொடி மறைத்துவிடுகிறது. பார்த்தவுடனே அதை எப்படியாவது நீக்கிவிட வேண்டும் என்ற பதற்றம் வருவது இயல்பு. ஆனால் கண்ணாடியில் கீறலை நீக்குவது என்றால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கண்ணாடியைக் கரைத்துக் குறைப்பது என்றே பொருள். சுவரில் பூச்சு பூசுவதைப்போல இழந்த கண்ணாடியைத் திரும்ப வைத்துவிட முடியாது. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், கிடைக்கும் வழிகளில் எது எந்தக் கீறலுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது எளிதாகிவிடும்.

வழிகளை ஒப்பிடும் முன், நாம் பார்ப்பது கீறல்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வைப்பர் ரப்பர் விட்டுச்செல்லும் கறுப்புத் தடம், மரத்திலிருந்து சொட்டிய பால், உப்புநீர் காய்ந்த கறை ஆகியவை சாய்ந்த வெளிச்சத்தில் கீறல் போலவே தெரியும். சோப்புநீரால் நன்கு கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மென்மையான துணியால் துடைத்த பிறகும் கோடு அப்படியே இருந்தால்தான் அது கீறல். அடுத்து, விரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் அது மேலோட்டமான கீறல். நகம் தட்டி நின்றால் ஆழமானது. இந்த எளிய சோதனையை நான் எந்தக் கருவியைவிடவும் அதிகம் நம்புகிறேன். ஏனென்றால் கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அன்று. ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, பொதுவாக 0.76 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். கல் பட்டு உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் பிடித்துக்கொள்வது அந்தப் படலம்தான். பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் வெப்பத்தால் கடினமாக்கப்பட்டவை. முன்கண்ணாடியின் தகடுகள் அவ்வாறு கடினமாக்கப்படாதவை. அதனால் ஓரிடம் மட்டும் திடீரென்று சூடானால் அவை விரிசல் விட வாய்ப்பு உண்டு. மெஷின் வைத்துத் தேய்க்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கடினத்தன்மையையும் பார்த்துவிடலாம். பொருள்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. வைப்பர் ரப்பருக்கு அடியில் சிக்கிய ஒரே ஒரு மணல் துகள் கண்ணாடியில் வில்வடிவக் கோடு போட்டுவிடுவது இதனால்தான். பல பற்பசைகளில் உள்ள கால்சியம் கார்பனேட்டின் கடினத்தன்மை 3 மட்டுமே. சமையல் சோடா அதைவிடவும் மென்மையானது. தன்னைவிட மென்மையான பொருளால் கண்ணாடியைத் தேய்த்துக் குறைக்க முடியாது.

வீட்டு வைத்தியங்களின் கணக்கு இதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. ஆனாலும் பற்பசை தேய்த்தபின் கீறல் மங்கியதாகப் பலர் சொல்வது பொய் அன்று. பசையின் நுண்துகள்கள் கீறலுக்குள் அடைந்து அதன் விளிம்புகளில் ஒளி சிதறுவதைச் சிறிது காலம் குறைக்கின்றன. இரண்டு மழைக்குப் பிறகு கோடு திரும்ப வந்துவிடுகிறது. நிறமற்ற நகப்பூச்சு இதைவிடச் சற்று நேர்த்தியாகச் செயல்படுகிறது. உலர்ந்த பூச்சின் ஒளிவிலகல் எண் கண்ணாடியின் 1.52-க்கு நெருக்கமானது. ஆகவே பள்ளம் நிரம்பியதும் ஒளி அங்கே அதிகம் வளையாமல் கடந்துவிடுகிறது. நகப்பூச்சின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸ் நைட்ரேட்டுக்கும் முன்கண்ணாடிக்கும் பழைய உறவு உண்டு. 1903-இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெடிக்டஸ் கைதவறிப்போட்ட குடுவை உடைந்தும் சிதறாமல் இருந்ததற்கு அதன் உட்புறம் படிந்திருந்த அதே பொருள்தான் காரணம். அடுக்குக் கண்ணாடியின் தொடக்கம் அதுவே. அந்தக் காலத்து நடுப்படலங்கள் வெயிலில் மஞ்சளித்தன என்பதும் வரலாறு. கண்ணாடியின்மேல் பூசிய நகப்பூச்சும் வெயிலில் நிறம் மாறும், வைப்பர் உரசலில் உரியும், கழுவும் திரவத்தில் உள்ள ஆல்கஹாலில் வெளுக்கும். ஓட்டுநரின் பார்வைக்கு வராத ஓரத்தில் அழகுக்காகப் பூசிக்கொள்ள நினைத்தால் நான் தடுக்கமாட்டேன். பார்வைக்கு நேர் எதிரே பூசினால், கீறல் இருந்த இடத்தில் கீறலைவிட அகலமான ஒரு மங்கல் திட்டு உருவாகிவிடும்.

கண்ணாடியை உண்மையிலேயே பழைய பளபளப்புக்குக் கொண்டுவரக்கூடியது செரியம் ஆக்சைடு பாலிஷ். 1803-இல் கண்டறியப்பட்ட செரியம் என்ற தனிமத்தின் இந்த ஆக்சைடு, லென்ஸ்களையும் ஒளியியல் கண்ணாடிகளையும் மெருகேற்றப் பயன்படுகிறது. அதற்கு முன் இரும்பு ஆக்சைடுப் பொடியால் நெடுநேரம் தேய்த்துச் செய்த வேலையை இது பெருமளவு விரைவாகச் செய்கிறது. இது வெறும் உரசலால் நடப்பது அன்று. தண்ணீர் கண்ணாடியின் மேற்பரப்பைச் சற்று இளக்க, செரியம் ஆக்சைடு சிலிக்காவுடன் வேதியியல் முறையில் பிணைந்து, நுண்ணிய அளவில் அதைப் பெயர்த்தெடுக்கிறது. எனவே இதில் தண்ணீர் துணைப்பொருள் அன்று, பாதி வேலையைச் செய்வதே அதுதான். பொடியும் தண்ணீரும் கலந்த குழம்பு உலர்ந்துவிட்டால் பாலிஷ் வேகம் குறையும். வெப்பம் மட்டும் ஏறும்.

இதைக் கையால் செய்வதும் மெஷினால் செய்வதும் ஒன்றுக்கொன்று மாற்று என்று பலர் நினைக்கிறார்கள். என் பார்வையில் அவை இரண்டும் தனித்தனி வேலைகள். ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளித் துணித் துண்டில் குழம்பைத் தோய்த்துக் கையால் தேய்த்தால், வைப்பர் போட்ட மெல்லிய மூட்டம் போன்ற தடங்கள் ஓரளவு தெளியும். தனியாகத் தெரியும் கோடு போகாது. மெஷினில் ஃபெல்ட் பேட் பொருத்தி, நிமிடத்திற்கு 1000 முதல் 1500 சுற்றுகள் வரையிலான மிதமான வேகத்தில் தேய்த்தால், நகம் தட்டாத கோடுகள் பெரும்பாலும் மறையும். அதற்கும் பொறுமை வேண்டும்: உள்ளங்கை அளவுப் பரப்புக்கே அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். நிழலில் நிறுத்தி, கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது தொடங்க வேண்டும். பேட் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. இடையிடையே தண்ணீர் தெளித்து, புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு பொறுக்கமுடியாத அளவுக்கு ஏறுவதாகத் தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். குழம்பு சுற்றிலும் தெறித்து பெயின்ட்டிலும் ரப்பர் பட்டைகளிலும் வெளிர்நிறக் கறையாகக் காய்ந்துவிடும் என்பதால், அக்கம்பக்கத்தை முன்கூட்டியே மூடிவிடுவது நல்லது. பொடியைத் தண்ணீரில் கலக்கும்போது மூக்கை மறைத்துக்கொள்வதும் தேவையானதே. கண்ணாடியின்மேல் தண்ணீரை விலக்கும் பூச்சு ஏற்கெனவே இருந்தால், அந்த இடத்தில் அது போய்விடும். பிறகு புதிதாகப் பூச வேண்டும்.

செரியம் பாலிஷால் போகாத ஆழக் கீறலுக்கு, முதலில் சிலிக்கன் கார்பைடு போன்ற உப்புத்தாள் வட்டுகளால் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் செரியத்தால் மெருகேற்றும் முறையும் உண்டு. வேகத்தில் இது நிச்சயம் முந்துகிறது, ஆனால் எனக்கு இதன்மேல் உள்ள அச்சமும் அதே வேகத்தால் வந்ததுதான். ஓர் ஆழமான கோட்டின் அடிவரை கண்ணாடியைக் குறைத்தால் அந்த இடம் தட்டையாக இராமல் சற்றே குழிகிறது. குழிந்த கண்ணாடி ஒரு லென்ஸ்போல் ஆகிவிடுகிறது. முன்கண்ணாடி சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால் அந்தச் சிறு குழியின் விளைவு மேலும் கூடுகிறது. அதன் வழியே பார்க்கும்போது சாலைக்கோடு நெளிகிறது, எதிர்வண்டியின் விளக்கு இரண்டாகப் பிரிகிறது, தலையை லேசாக அசைத்தால் காட்சி நீரில் தெரியும் பிம்பம்போல் அலைகிறது. என் முந்தைய காரில் ஓட்டுநர் பக்கம் இருந்த ஒரு கோட்டை நானே டிரில்லில் வட்டு பொருத்தித் தேய்த்தேன். கோடு போனது. அதன் இடத்தில் நாணய அளவில் ஓர் அலை வந்தது. அதுவரை அந்தக் கோட்டை என் கண் தாண்டிப் பார்க்கப் பழகியிருந்தது. அலையைத் தாண்டிப் பார்க்க அதற்கு வழியே இல்லை. இரண்டு கண்களும் சேர்ந்து அதைச் சரிசெய்ய முயன்று, ஒரு மணி நேரப் பயணத்திலேயே தலை கனத்தது. அன்றிலிருந்து, நகம் தட்டும் கீறல் பார்வைக்கு நேரே இருந்தால் தேய்ப்பது என்ற வழியையே நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிசின் நிரப்பும் முறையை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பதே ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான். கல் தெறித்து உண்டான குழியிலும் சிறு விரிசலிலும் கண்ணாடிக்குள்ளே காற்று புகுந்திருக்கும். அந்தக் காற்றை உறிஞ்சியெடுத்து, திரவப் பிசினை அழுத்தத்தால் செலுத்தி, புற ஊதா ஒளியால் இறுகச் செய்வது நன்கு நிலைபெற்ற பழுதுபார்ப்பு முறை. விரிசல் மேலும் ஓடாமல் அது தடுக்கிறது. கீறல் அப்படிப்பட்டது அன்று. அது மேற்பரப்பில் திறந்து கிடக்கும் ஆழமற்ற வாய்க்கால். பிசினைப் பிடித்து வைத்துக்கொள்ள அங்கே உள்ளறை எதுவும் இல்லை. நிரப்பினாலும் சில வாரங்களில் வைப்பர் அதைச் சுரண்டிவிடும். ‘கீறலுக்கும் விரிசலுக்கும் ஒரே மருந்து’ என்று விற்கப்படும் பிசின் பெட்டிகளை நான் கீறலுக்குப் பரிந்துரைப்பதில்லை. அதே சமயம், கோட்டின் நடுவிலோ முனையிலோ கல் பட்ட புள்ளி இருந்தால், அந்தப் புள்ளிக்கு மட்டும் பிசின் நிரப்பிவிட்டுக் கோட்டைத் தனியாகக் கவனிப்பது சரியான முறை.

மிஞ்சுவது இரண்டு எதிரெதிர் வழிகள்: அப்படியே விட்டுவிடுவது, அல்லது முழுக் கண்ணாடியையும் மாற்றுவது. விட்டுவிடுவது சோம்பலின் பெயர் என்று கருதத் தேவையில்லை. மேலோட்டமான கீறல் கல் பட்ட விரிசலைப்போலத் தானாக நீண்டு செல்வது அரிது. அது கண்ணாடியின் ஓரத்திலோ, வைப்பர் தொடாத மேல்விளிம்பிலோ, பயணியின் பக்கத்திலோ இருந்து இரவிலும் பார்வையைக் குலைக்கவில்லையென்றால், தொடாமல் இருப்பதே கண்ணாடிக்குச் செய்யும் நன்மை. உட்புறப் பின்நோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா பொருத்தப்பட்ட கார்களில், அந்தக் கேமரா பார்க்கும் பகுதியில் பாலிஷ் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது. மனிதக் கண் பொறுத்துக்கொள்ளும் சிறு அலைகூடக் கேமராவின் கணிப்பைப் பிறழச் செய்யலாம்.

மாற்றுவது மிகத் தெளிவான தீர்வு, ஆனால் அதற்குரிய விலை பணம் மட்டும் அன்று. முன்கண்ணாடி காரின் உடற்கட்டோடு யூரித்தேன் பசையால் இணைக்கப்பட்ட ஓர் உறுப்பு. கவிழும்போது கூரைக்கு வலுச் சேர்க்கிறது, பல கார்களில் முன்பயணியின் ஏர்பேக் விரியும்போது அதற்கு முட்டுக்கொடுக்கிறது. தொழிற்சாலையில் ஒட்டிய இணைப்பைப் பிரித்து மறுபடி ஒட்டும்போது, பழைய பசையைச் சரியாகச் சீவாமலோ பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசாமலோ விட்டால் நீர்க்கசிவும் துருவும் தொடங்கும். பசை போதுமான வலுவை அடையும் வரை வண்டியை எடுக்கக் கூடாது; அந்த நேரம் பசையின் வகையையும் வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றையும் பொறுத்து மாறும் என்பதால் பொருத்துபவரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கேமரா உள்ள காரில் அதை மறுபடி அளவீடு செய்வதும், வேகத்தைக் கண்ணாடியில் காட்டும் வசதி உள்ள காரில் அதற்கென்றே தயாரித்த கண்ணாடியையே கேட்டு வாங்குவதும் தவறக் கூடாதவை. இவ்வளவு சிரமமும் நகம் தட்டாத ஒரு கோட்டுக்காக என்றால் வீண். ஆனால் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே, வைப்பர் துடைக்கும் பரப்பில், நகம் தட்டும் கீறல் ஒளியைச் சிதறடிக்கிறது என்றால், வேறு எந்த வழியும் இதற்கு ஈடாகாது.

எந்த வழியை எடுத்தாலும் முதலில் வைப்பரைப் பார்த்துவிட வேண்டும். ரப்பர் கிழிந்து உலோக முனை கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், செய்த பாலிஷும் மாற்றிய கண்ணாடியும் அடுத்த மழையிலேயே மறுபடி கோடு வாங்கும். வைப்பரைத் தூக்கி, ஈரத் துணியால் ரப்பரின் விளிம்பைத் துடைத்து, உலர்ந்த தூசியின்மேல் தண்ணீர் பீய்ச்சாமல் வைப்பரை ஓட்டுவதைத் தவிர்த்தாலே பாதிக் கீறல்கள் பிறக்காது.

இப்போது நான் ஓட்டும் காரில் இரண்டு கீறல்கள் இருந்தன. ஓட்டுநர் பக்கம் வில்வடிவில் இருந்த மெல்லிய மூட்டத்தில் நகம் தட்டவில்லை. செரியத்தால் இரண்டு நாள் மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். தேய்த்த பரப்பைக் கீறலோடு நிறுத்தாமல் இரண்டு மடங்குக்கு மேல் அகலமாக்கி, ஓரங்களில் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பிறகு தூரத்துக் கதவுச் சட்டத்தின் நேர்க்கோட்டைக் கண்ணாடி வழியே பார்த்துத் தலையை அசைத்தேன்; கோடு நெளியவில்லை. பயணி பக்கத்தின் கீழ்மூலையில் நகம் தட்டும் கீறல் ஒன்று இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.